வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

பெட்டி அக்கா ஒரு வருஷத்துக்கு நகர எல்லைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்ற உத்தரவில், "சூடேற்றப்பட்ட அபாயகரமான இரும்பு ஆயுதம்" என்று ஒரு வரி இருந்தது. ஆயுதம் வேறொன்றுமில்லை, அவளுடைய இஸ்திரிப் பெட்டிதான். அன்றைக்கு அது சூடாக இருந்ததற்குக் காரணம், சாலையை மறிக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில் அவள் இன்ஸ்பெக்டரின் சீருடைச் சட்டையைப் பாதி தேய்த்திருந்ததுதான். தேய்த்து முடித்துவிட்டுப் போராடப் போகலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கோபமும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.

தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மருந்துக்கடை முனையில் அவளுடைய தேய்ப்பு வண்டி நிற்கும். எந்த வீட்டில் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது, எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பதெல்லாம் வரும் துணியிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்ல மாட்டாள். சொல்லியிருந்தால் அந்தத் தெருவில் பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் அந்தத் தெருப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை பார்த்தவர். மணி அடிக்கிற மனுஷனுக்கு இவ்வளவு மடிப்பு எதற்கு என்று வாத்தியார்கள் கேலி செய்யும் அளவுக்கு வெள்ளைச் சட்டையில் நிற்பார். கல்யாணத்துக்கு முன்னால், அவளுடைய அப்பாவின் தேய்ப்புக் கடைக்கு அவர் தினமும் ஒரு சட்டை கொண்டுவருவார். ஒரு நாள் அவர் கொடுத்த சட்டையைப் பிரித்துப் பார்த்தாள். அதில் முந்தின நாள் அவள் போட்ட மடிப்பு அப்படியே இருந்தது. போடாத சட்டையை எதற்குத் திரும்பத் தேய்க்கக் கொடுக்கிறான் இந்த ஆள் என்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அப்பாவிடம் பேச ஆள் வந்தது.

அப்படிப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் விழுந்தார். வலது கையும் காலும் வரவில்லை, பேச்சும் போயிற்று. மாடி வீடு. மாடிப்படியோ ஒரு ஆள் பக்கவாட்டில் ஏற வேண்டிய குறுகல். ஒரு தடவை நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே இறக்கப் பார்த்தார்கள். பாதிப் படியில் அவர் பயந்து உதறி, தூக்கியவர்களும் சேர்ந்து சரிந்ததோடு அந்த யோசனையை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருக்கு உலகம் என்பது அந்த அறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல், காலையும் மாலையும் சட்டை மாற்றிவிட வரும் பெண்டாட்டி. படுத்தே கிடந்தாலும் தேய்த்த சட்டைதான் போடுவார். அது அவருடைய பிடிவாதம், அவளுடைய பெருமை.

இந்த நிலையில்தான் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் நகராட்சி லாரிகள் குப்பை கொட்ட ஆரம்பித்தன. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடம் படித்தார்கள். மாடி ஜன்னலைத் திறக்க முடியவில்லை. மனு கொடுத்தார்கள், நேரில் போனார்கள், ஒரு பயலும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு காலை பெட்டி அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பெரிய சாலையின் குறுக்கே நிறுத்தினாள். தெருப் பெண்கள் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள். கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. ஆனால் லாரிகளுக்குப் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது. சத்தம் கேட்டதும் முதலில் எழுந்து ஓடி வண்டியை இழுத்தவள் அவள்தான். என்ன பயன்? லாரிகள் நகர இடமில்லை. உள்ளே இருந்த மனிதர் பிழைத்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது. அந்தச் சத்தம் மட்டும் அவளுடைய காதை விட்டுப் போகவே இல்லை.

குப்பை நின்றது. கூடவே உத்தரவும் வந்தது. பொது அமைதிக்குப் பங்கம் விளைவிப்பவள், நகர எல்லைக்குள் இருக்கக் கூடாது, மீறினால் சிறை. கையெழுத்துப் போட்ட அதிகாரி அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேய்ப்பு வண்டியைச் சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்து வாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டி அக்கா ஒரு பையோடு கால்வாய்ப் பாலத்தைத் தாண்டித் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

பாலத்தின் நடுவில் சுண்ணாம்பு அடித்த ஒரு எல்லைக் கல் இருக்கிறது. இத்தனை வருஷமும் அதன் மேல் காலை வைத்துச் செருப்பு வாரை மாட்டியிருக்கிறாளே தவிர, அது எதற்கு இருக்கிறது என்று யோசித்ததில்லை. இப்போது அந்தக் கல்தான் அவளுடைய கதவு. தங்கை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் கால்வாய்க்கு அப்பால் அவள் வீட்டுக் கொடிக்கயிறு தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம் இல்லை, கண்ணுக்கு மட்டும் எட்டுகிற தூரம். இதைவிட வேறு தேசத்துக்குத் துரத்தியிருந்தால் தேவலை என்று அவள் நினைத்தது உண்டு.

போன் இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் அவரைப் பார்த்துக்கொண்ட மகள் போனைப் பிடித்து அப்பாவின் முகத்தைக் காட்டுவாள். அவரோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். கையகலக் கண்ணாடிக்குள் பெண்டாட்டியைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. இவளுக்கு அவருடைய ஒரு காது தெரியும். சாப்பிட்டீங்களா என்று அந்தக் காதைக் கேட்பாள், வைத்துவிடுவாள்.

பிழைப்பைப் பார்க்க வேண்டுமே. தங்கையின் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருந்தார். கடை ஓரத்தில் ஒரு மேஜை போட்டு, கடன் வாங்கிய பெட்டியோடு அவள் நின்றாள். அப்புறம் நடந்ததை எந்த அதிகாரியும் எதிர்பார்த்திருக்க மாட்டார். உத்தரவில் பெட்டி அக்கா வரக் கூடாது என்றுதான் இருந்தது. துணி போகக் கூடாது என்று இல்லை. தெருவின் துணி முழுக்க மூட்டை கட்டிக்கொண்டு தினமும் பாலம் தாண்டி வந்தது. சுமந்து வந்தவர் பால்காரர். வாய் ஓயாதவர் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். காலையில் ஸ்கூட்டரில் மூட்டையை இறக்குவார், மாலைப் பால் முடிந்ததும் எடுத்துப் போவார். மூட்டையில் போலீஸ் சீருடைகளும் உண்டு. அவளைப் பிடிக்க வேண்டியவர்கள் அவள் தேய்த்த சட்டையில்தான் பாலத்தில் காவல் நின்றார்கள்.

மூட்டையின் அடியில் வீட்டுக்காரருடைய வெள்ளைச் சட்டைகள் இருக்கும். அதை அவள் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். தோய்த்த துணியாக இருந்தாலும் உடம்பு இருந்த இடம் துணியில் தெரியும். இடது பக்கமே சாய்ந்து படுப்பதால் அந்தப் பக்கக் காலர் மடங்கியிருக்கும். முதுகுப் பக்கம் கசங்கிச் சோர்ந்திருக்கும். இடது கையால் சாப்பிடப் பழகியதால் மணிக்கட்டில் கறையின் நிழல். அவள் எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்ப்பாள். நேற்று நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார், முந்தாநாள் புரண்டு படுத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வாள். பிறகு தண்ணீர் தெளித்துத் தேய்த்து மூட்டையின் மேலே சூடாக வைப்பாள். அந்த அஞ்சு நிமிஷம்தான் அவளுக்குக் குடும்பம்.

வக்கீல் ஒருத்தி கிடைத்தாள். சின்னப் பெண். அவளுடைய கறுப்புக் கோட்டையும் அக்காதான் தேய்க்கிறாள். மேஜைக்கு எதிரே டயர் குவியலில் உட்கார்ந்து விளக்கினாள்.

"பேசலாம், கூடலாம், எங்க வேணா போகலாம், எங்க வேணா குடியிருக்கலாம்னு அரசியல் சட்டமே நமக்குக் குடுத்திருக்குக்கா. ஆனா ஒண்ணொண்ணுக்கும் ஒரு வேலி இருக்கு. கூடலாம், ஆயுதம் இல்லாம அமைதியா கூடணும். போகலாம், பொது நன்மைக்காகத் தடுத்தா நிக்கணும்."

"அப்ப என்னத்தைக் குடுத்தாங்க?"

"வேலியை அவங்க இஷ்டத்துக்குப் போட முடியாது. சட்டப்படி போடணும், தேவையான அளவுக்குத்தான் போடணும். அதுக்கு முன்னாடி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். உங்களைக் கேக்கல. அங்கதான் நான் பிடிக்கப் போறேன். ஆனா ஒண்ணு. தீர்ப்பு வர்ற வரைக்கும் அந்தக் கல்லைத் தாண்டிடாதீங்க. தாண்டினா நான் பேச வாயே இல்லாம போயிடும்."

பெட்டி அக்கா தலையாட்டினாள். கோட்டுக் காலரை இன்னும் ஒரு தடவை அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. அவருடைய சட்டையை மேஜையில் விரித்தவளுக்குக் கை நின்றுவிட்டது. காலர் மடங்கவில்லை. முதுகு கசங்கவில்லை. மேலுக்குத் தண்ணீர் தெளித்து உலர்த்தியிருக்கிறார்கள், ஆனால் கையில் அவள் போட்ட மடிப்புக் கோடு கத்தி மாதிரி அப்படியே இருந்தது. அடுத்த சட்டையை எடுத்தாள். அதுவும் அப்படியே. அடுத்ததும் அப்படியே. இந்தச் சட்டைகள் யார் உடம்பிலும் ஏறவில்லை.

சட்டை மாற்ற முடியாத அளவுக்கு ஆகிவிட்டதா? ஆஸ்பத்திரியா? அதற்கும் மேலேயா? என்னிடம் மறைக்கத்தான் வீட்டில் சட்டையை நனைத்து அனுப்புகிறார்களா?

ரேடியோவைக் கேட்டாள். அவர் "நல்லா இருக்காருக்கா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்தார். தண்ணி வராத குழாயைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசுகிற மனுஷர் அவர். மகளைப் போனில் கேட்டாள். "அப்பா தூங்கறாரும்மா." மறுபடி கேட்டாள். மறுபடியும் தூங்குகிறார். தங்கையை நேரில் அனுப்பினாள். அவள் போய்விட்டு வந்து, மாமா பனியனோடு படுத்திருக்கிறார், நல்லாத்தான் இருக்கிறார் என்றாள். தங்கை சொன்னதைத்தான் நம்ப முடியவில்லை. பூசி மெழுகுவதே அவள் பழக்கம். அப்பா செத்த அன்றைக்கு, லேசாகக் காய்ச்சல், வந்து பார்த்துட்டுப் போ என்று சொல்லி அனுப்பியவள்.

சாயங்காலம் பெட்டியை அணைத்துவிட்டுப் பெட்டி அக்கா நடக்க ஆரம்பித்தாள். எங்கே போகிறாய் என்று தங்கை கேட்டது காதில் விழவில்லை. பாலத்தின் மேல் ஏறி அந்தக் கல் வரைக்கும் வந்துவிட்டாள். எதிர்ப்பக்கம் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஓடி வந்தார். சின்ன வயசு. முந்தின வாரம் அவர் சட்டையில் பட்டன் போயிருந்ததைக் கேட்காமலே அவள் தைத்து அனுப்பியிருந்தாள்.

"அக்கா, வேணாம்க்கா. தாண்டினா நான் பிடிச்சே ஆகணும்."

"பிடிச்சுக்கோ. அவரைப் பார்த்துட்டு வந்துடறேன், அப்புறம் பிடிச்சுக்கோ."

"அப்படி முடியாதுக்கா."

அவள் கல்லைப் பார்த்தாள். ஒரு எட்டு வைத்தால் அந்தப் பக்கம். அங்கிருந்து மருந்துக்கடை, முனை, படிக்கட்டு, அவர். கண்ணை மூடினால் ஒவ்வொரு படியும் காலுக்குத் தெரியும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தச் சட்டமும் நியாயமும் எனக்கு எதற்கு என்று நினைத்தாள். வக்கீல் பெண் சொன்னதும் நினைவுக்கு வந்தது. இப்போது தாண்டினால் ஒரு தடவை பார்க்கலாம், அப்புறம் சிறை. அவருக்கு மறுபடியும் சட்டை மாற்றிவிட எத்தனை வருஷமோ. அவள் கல்லின் இந்தப் பக்கமே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். போலீஸ்காரர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இருட்டும் முன்னால் தங்கை வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள்.

நீதிமன்றம் நகரத்துக்குள்தான் இருந்தது. உள்ளே வரக் கூடாது என்ற உத்தரவை எதிர்த்துப் பேச உள்ளேதான் வர வேண்டும். அதற்குத் தனியாக அனுமதி வாங்கினாள் வக்கீல். ஆட்டோவில் ஒரு பெண் போலீஸ் துணையோடு நேர் வழியில் போக வேண்டும், வழியில் எங்கேயும் இறங்கக் கூடாது. நேர் வழியோ பெட்டி அக்காவின் தெரு.

அன்றைக்கு அந்தத் தெருவில் நாலு பேருக்கு மேல் கூடக் கூடாது என்று தடை போட்டிருந்தார்கள். தெரு மொத்தமும் அதை மதித்தது. யாரும் கூடவில்லை. அவரவர் வீட்டு வாசற்படியில் அவரவர் நின்றார்கள், படிக்கு ஒருத்தராக, நல்ல துணி உடுத்திக்கொண்டு. யாரும் கோஷம் போடவில்லை, கையைக்கூட ஆட்டவில்லை. தன் வீட்டுப் படியில் நிற்பதைத் தடுக்க எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? பெண் போலீஸ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். எல்லாச் சட்டையும் தான் தேய்த்தது என்பதை ஆட்டோவிலிருந்தே பெட்டி அக்கா பார்த்தாள்.

ஆனால் அவள் தேடியது மாடி ஜன்னலை. அது சாத்தியிருந்தது. கீழே படியில் மகள் நின்றாள், இவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார். கம்பியைப் பிடித்த அக்காவின் கை மேல் பெண் போலீஸ் தன் கையை வைத்தாள். வீடு கடந்து போயிற்று.

நீதிமன்றத்தில் வக்கீல் பெண் நன்றாகத்தான் பேசினாள். அரசு வக்கீல் ஆம்புலன்ஸைப் பற்றிப் பேசினார். அவர் பேசியதிலும் பொய் இல்லை. சாலை எல்லோருக்கும் பொது, ஒருவர் உரிமைக்காக இன்னொருவர் உயிர் காத்திருக்க முடியாது என்றார். பெட்டி அக்கா கூண்டுக்குள் நின்று அதைக் கேட்டாள், மறுத்துத் தலையாட்டவில்லை. கடைசியில் நீதிபதி அவளையே கேட்டார். உத்தரவை நீக்கினால் மறுபடியும் இப்படிப் போராட உட்காருவீர்களா? வக்கீல் பெண் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

"உக்காருவேன் ஐயா. குப்பை திரும்பி வந்தா உக்காருவேன். ஆனா நடுரோட்டுல உக்கார மாட்டேன். அந்த ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் என் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. அது எங்க தப்புதான். ஓரமா உக்காருவேன், வழி விட்டு உக்காருவேன். அதுக்கு எனக்கு உரிமை இருக்குன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. இதைச் சொல்லத்தான் வந்தேன். அந்த அதிகாரி முன்னாடியே கேட்டிருந்தா அவர்கிட்டயே சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல."

வக்கீல் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு படித்தார். சாலை மறியல் தவறு, அதற்குரிய வழக்கு தனியாக நடக்கட்டும். ஆனால் குடிமகள் ஒருத்தியை அவள் தரப்பைக் கேட்காமலே வீட்டை விட்டும் நோயாளிக் கணவனை விட்டும் பிரிக்கிற அளவுக்கு அங்கே ஆபத்து எதுவும் காட்டப்படவில்லை. உத்தரவு செல்லாது. இஸ்திரிப் பெட்டி ஆயுதம் என்ற வரியைப் படிக்கும்போது மட்டும் அவர் கொஞ்சம் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் வந்து கையைப் பிடித்தார்கள். பெட்டி அக்காவுக்கு யார் முகமும் தெரியவில்லை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறி, வீட்டுக்குப் போ என்றாள்.

படியில் மகள் வழி மறித்துக்கொண்டு நின்றாள். அவளும் அழுதிருந்தாள். பெட்டி அக்கா கேட்டாள்:

"உண்மையைச் சொல்லு. உசுரோட இருக்காரா?"

"ஐயோ, இருக்காரும்மா. நல்லா இருக்காரு. நீ போலீஸோட போறதை அப்பா பார்த்துடக் கூடாதுன்னுதான் ஜன்னலைச் சாத்தினேன்."

"அப்ப சட்டை ஏன் போடல?"

மகள் ஒதுங்கி வழி விட்டாள். பெட்டி அக்கா பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குறுகல் படியில் ஏறினாள். பின்னாலேயே வந்த மகள் பாதிப் படியில்தான் பேசினாள்.

"கொஞ்ச நாளா, ரேடியோ மாமா மூட்டையை இறக்கினதும் அப்பா சத்தம் போட்டுக் கூப்பிடுவாரு. சட்டை சூடா இருக்கும்போதே குடுக்கணும். போட விட மாட்டாரு. நெஞ்சு மேல வச்சுப் பிடிச்சுக்குவாரு. சூடு ஆறினதும் என்கிட்ட திருப்பிக் குடுத்துடுவாரு, உன்கிட்ட அனுப்பச் சொல்லிக் கையைக் காட்டுவாரு. சொன்னா நீ அன்னிக்கே பாலத்தைத் தாண்டியிருப்ப. அதான் சட்டையைத் தண்ணி தெளிச்சுக் காயவச்சு அனுப்பினேன், எல்லாரையும் சொல்லாம இருக்கச் சொன்னேன்."

பெட்டி அக்கா ஒரு படியில் அப்படியே நின்றாள். கடையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த இளைஞனின் முகம் ஞாபகம் வந்தது. போடாத சட்டையை இந்த ஆள் எதற்குத் திரும்பத் தேய்க்கக் கொடுப்பான் என்று ஊரிலேயே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அதை மறந்துவிட்டுப் பாலத்தில் உட்கார்ந்து அவரைச் சாகடித்து அழுதிருக்கிறாள்.

அறைக்குள் அவர் பனியனோடு இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்தார். நெஞ்சோரம் நேற்றைய வெள்ளைச் சட்டை, ஆறிப் போய்க் கிடந்தது. காலடிச் சத்தம் கேட்டதும் மகள்தான் என்று நினைத்து, முகத்தைத் திருப்பாமலே சட்டையை இடது கையால் எடுத்து நீட்டினார். வாங்கியது வேறு கை, பெட்டிப்பிடியில் காய்த்துப்போன கை. அவருக்கு அது தெரிந்துவிட்டது. மெல்லத் திரும்பிப் பார்த்தார். வாய் ஏதோ சொல்லப் போராடியது, சத்தம் மட்டும் வந்தது.

"வந்துட்டேன்" என்றாள் அவள். "கையைக் குடுங்க."

சட்டையை உதறி விரித்தாள். வராத கையை முதலில் நுழைத்து, முதுகைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு, மற்றக் கையை நுழைத்தாள். பட்டனை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். அவர் மறுக்கவில்லை.